அப்போஸ்தலர் திருநாட்களை வருஷம் முழுக்க கொண்டாடுறது எப்படி? முழு வழிகாட்டி

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ரெண்டையும் யாரும் நமக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்ல, ஆனா செப்டம்பர் 21 யாரோட நாள்னு சட்டுனு கேட்டா சர்ச்சுக்கு தவறாம போறவங்களே கொஞ்சம் முழிப்பாங்க. அப்போஸ்தலர் திருநாட்கள் பெரும்பாலும் வேலை நாள்ல வரும், காலைல பூசைக்கு ரெண்டு பெஞ்ச் நிறைய ஆள் இருந்தாலே பெருசு, ஃபாதர் சிவப்பு உடுப்புல வருவார், "இன்னைக்கு யாரோ ஒரு புனிதர் போல"ன்னு நினைச்சுட்டு நாமளும் ஆபீஸுக்கு கிளம்பிடுவோம். கொண்டாடுற சர்ச்சுகள்லயும் பாதி இடத்துல ஒரே பிரசங்கம்தான், பேரை மட்டும் மாத்தி மாத்தி: "எல்லாத்தையும் விட்டு ஆண்டவர் பின்னால போனார், ரத்த சாட்சியா மரிச்சார்". பன்னிரண்டு பேருக்கும் இதே கதைன்னா பன்னிரண்டு நாள் எதுக்கு, ஒரே நாள் போதுமே?

அதனால இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரே ஒரு விஷயத்தை பிடிச்சுட்டுதான் போகப்போறேன்: அந்த நாள் அந்த ஒரு ஆளோட நாளா இருக்கணும். தோமா நாள்ல சொன்னதை அப்படியே மத்தேயு நாள்லயும் சொல்ல முடியுதுன்னா நாம இன்னும் சரியா தயாராகலன்னு அர்த்தம்.

ஸ்டெப் 1: உங்க சபை காலண்டர் எதுன்னு பாருங்க

இதை விட்டுட்டு நேரா நெட்ல தேடினா குழப்பம்தான் மிஞ்சும், ஏன்னா ஒரே ஆளுக்கு மூணு தேதி கிடைக்கும், மூணுமே சரியாத்தான் இருக்கும். இப்போ கத்தோலிக்க திருச்சபைல இருக்குற தேதிகள் இது:

நவம்பர் 30 அந்திரேயா (திருச்சபை ஆண்டு தொடங்குற நேரத்துலயே வர்றதால வரிசைல முதல் ஆள்)
டிசம்பர் 27 யோவான்
ஜனவரி 25 பவுல் மனமாற்றம்
பிப்ரவரி 22 பேதுருவின் தலைமைப்பீடம்
மே 3 பிலிப்பு, யாக்கோபு (அல்பேயுவின் மகன், சின்ன யாக்கோபுன்னு சொல்றவர்)
மே 14 மத்தியா
ஜூன் 11 பர்னபா
ஜூன் 29 பேதுரு, பவுல்
ஜூலை 3 தோமா
ஜூலை 25 யாக்கோபு (செபதேயுவின் மகன்)
ஆகஸ்ட் 24 பர்த்தலமேயு
செப்டம்பர் 21 மத்தேயு
அக்டோபர் 28 சீமோன், யூதா ததேயு

ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைகள்ல பெரும்பாலும் இதேதான், ஆனா பிலிப்பும் யாக்கோபும் பழைய தேதியான மே 1லயே இருப்பாங்க. கத்தோலிக்கத்துல அந்த மே 1 தொழிலாளரான யோசேப்புக்கு போயிட்டதால இவங்களை முதல்ல மே 11க்கு தள்ளி, 1969 காலண்டர் சீர்திருத்தத்துல மே 3க்கு கொண்டு வந்தாங்க. அதே 1969லதான் தோமாவும் டிசம்பர் 21ல இருந்து ஜூலை 3க்கு வந்தார், மத்தியாவும் பிப்ரவரி 24ல இருந்து மே 14க்கு வந்தார். பழைய தேதியை விடாம பிடிச்சிருக்குற சபைகள் இன்னும் உண்டு. ஆர்த்தடாக்ஸ் பக்கம் போனீங்கன்னா கணக்கே வேற, தோமா அக்டோபர் 6, பிலிப்பு நவம்பர் 14, மத்தேயு நவம்பர் 16, ஆனா அந்திரேயாவும் பேதுரு பவுலும் நம்ம தேதியேதான். அதுலயும் பழைய ஜூலியன் காலண்டர் வச்சிருக்குற சபைக்கு ஜூன் 29ங்கறது நம்ம வீட்டு காலண்டர்ல ஜூலை 12.

மாற்கும் (ஏப்ரல் 25) லூக்காவும் (அக்டோபர் 18) நற்செய்தியாளர்கள், பன்னிரண்டு பேர்ல இல்ல, ஆனாலும் சேர்த்துக் கொண்டாடுறது நல்லதுதான். மகதலா மரியாவை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. உயிர்த்த ஆண்டவரை பார்த்துட்டு அப்போஸ்தலர்களுக்கே போய் சேதி சொன்னவங்க, "அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலர்"ங்கற பேரே உண்டு. அவங்க நாளான ஜூலை 22ஐ 2016ல நினைவுல இருந்து விழாங்கற நிலைக்கு உயர்த்தினாங்க (கத்தோலிக்க முறைல நினைவு, விழா, பெருவிழான்னு மூணு படி, பெருவிழாதான் மேல).

ஸ்டெப் 2: மோதுற நாட்களை முன்னாடியே குறிச்சு வைங்க

ப்ரோகிராம் எல்லாம் போட்டு முடிச்ச பிறகுதான் "இந்த வருஷம் அது இல்லையே"ன்னு ஒருத்தர் வந்து சொல்லுவார். கத்தோலிக்க ரூல் என்னன்னா, அப்போஸ்தலர் நாள் பெரும்பாலும் "விழா" நிலை, அது ஞாயித்துக்கிழமைல விழுந்தா ஞாயிறுதான் ஜெயிக்கும், அந்த வருஷம் அப்போஸ்தலர் நாள் அப்படியே போயிடும், தள்ளியும் வைக்க மாட்டாங்க. உலகப் பொது காலண்டர்ல பேதுரு பவுல் மட்டும் "பெருவிழா", அதனால பொதுக்கால ஞாயிறையே ஓரமா தள்ளிட்டு வந்து உக்காரும். 2025ல ஜூன் 29 ஞாயித்துக்கிழமை வந்துச்சு, ஃபாதர் உடுப்பு பச்சைக்கு பதிலா சிவப்பு. அதே வருஷம் நவம்பர் 30 திருவருகைக்கால முதல் ஞாயிறா விழுந்ததால அந்திரேயாவுக்கு இடமில்லாம போச்சு.

2026ஐ எடுத்துக்கிட்டா மே 3 ஞாயிறு, பிலிப்பு யாக்கோபு போச்சு. மே 14 ஆண்டவரின் விண்ணேற்ற வியாழன், அதை வியாழன்லயே வைக்கிற இடத்துல மத்தியாவும் போச்சு, ஞாயிறுக்கு மாத்தின இடத்துல தப்பிச்சார். டிசம்பர் 27 ஞாயிறு, அது திருக்குடும்ப விழா, யோவானும் அவுட். பாவம். ஆங்கிலிக்கன் சபைகள்ல இந்த கஷ்டம் கம்மி, பொதுவா அடுத்த காலியான வேலை நாளுக்கு தள்ளி வச்சுப்பாங்க.

வழிபாட்டுல இடம் இல்லன்னா வீட்ல கொண்டாடக் கூடாதுன்னு எந்த ரூலும் கிடையாது, அன்னைக்கு சாயங்காலம் தாராளமா பண்ணலாம்.

ஸ்டெப் 3: பைபிள்ல அந்த ஆள் வர்ற இடத்தை மட்டும் பொறுக்கி எடுங்க

இதுதான் மெயின் வேலை, இதுக்குத்தான் நேரம் போடணும். அப்போஸ்தலர் பட்டியல் நாலு இடத்துல இருக்கு: மத்தேயு 10, மாற்கு 3, லூக்கா 6, அப்போஸ்தலர் பணி 1. அங்க பேரை பார்த்துட்டு, அதுக்கு மேல அவர் எங்கெல்லாம் வாய் திறக்கிறார், எங்கெல்லாம் அவரைப்பத்தி பேசுறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க.

உதாரணத்துக்கு பிலிப்பு. முதல் மூணு நற்செய்தில வெறும் பேருதான், யோவான் நற்செய்திலதான் மனுஷனுக்கு உயிர் வருது, அதுவும் நாலே இடம். முதல் அதிகாரத்துல இயேசு கூப்பிட்ட உடனே போய் நத்தனியேலை பிடிக்கிறார், அவர் "நாசரேத்துல இருந்து நல்லது எதாவது வருமா"ன்னு கிண்டலா கேட்க, பிலிப்பு வாதமே பண்ணல, வந்து பார்னுட்டார். ஆறாம் அதிகாரத்துல கூட்டம் வருது, இத்தனை பேருக்கு அப்பம் எங்க வாங்கறதுன்னு இயேசு கேக்குறது குறிப்பா பிலிப்புகிட்ட, சோதிக்கத்தான் கேட்டார்னு யோவானே எழுதி வச்சிருக்கார், நம்ம ஆள் உடனே கணக்கு போட்டு இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரு துண்டுகூட பத்தாதுன்னு ரிப்போர்ட் குடுக்குறார். ஒரு தெனாரியம்னா ஒரு நாள் கூலி, அப்போ கிட்டத்தட்ட எட்டு மாச சம்பளத்துக்கு எஸ்டிமேட் ரெடி. பன்னிரண்டாம் அதிகாரத்துல கிரேக்கர் சிலர் வந்து இயேசுவை பார்க்கணும்னு பிலிப்பை பிடிக்கிறாங்க, அவர் நேரா இயேசுகிட்ட போகல, முதல்ல அந்திரேயாகிட்ட போய் சொல்லி, ரெண்டு பேருமா சேர்ந்து போறாங்க. கடைசியா பதினாலாம் அதிகாரம், ராப்போஜன ராத்திரி, "பிதாவை எங்களுக்கு காட்டுங்க, அது போதும்"ங்கறார், அதுக்கு இயேசு, இவ்ளோ நாளா உங்ககூட இருந்தும் என்னை உனக்கு தெரியலையா பிலிப்புன்னு பேர் சொல்லி கேக்குறார். திருநாள் நற்செய்தி வாசகமும் இந்த பகுதிதான்.

இப்போ பாருங்க, கணக்கு போடுற மனுஷன், தனியா முடிவெடுக்க கொஞ்சம் தயங்குறவர், ஆனா ஆளை கூட்டிட்டு வர்றதுல கெட்டிக்காரர். பிரசங்கத்துக்கும் மன்றாட்டுக்கும் பிள்ளைங்களுக்கு சொல்ற கதைக்கும் இதுவே தாராளம்.

இங்க ஒரு எச்சரிக்கை. அப்போஸ்தலர் பணி 8ல எத்தியோப்பிய அதிகாரியோட ரதத்துல ஏறி உக்காந்து ஏசாயாவை விளக்குன பிலிப்பு இவர் இல்ல. அவர் 6ஆம் அதிகாரத்துல தேர்ந்தெடுத்த ஏழு பேர்ல ஒருத்தர், 21:8ல நற்செய்தியாளர் பிலிப்புன்னு தெளிவாவே இருக்கு, போதாக்குறைக்கு எட்டாம் அதிகாரம் ஆரம்பத்துல அப்போஸ்தலர்கள் தவிர மத்தவங்கதான் எருசலேமை விட்டு சிதறினாங்கன்னும் போட்டிருக்கு. மே மாசம் இந்த ரத கதைய வச்சு பிரசங்கம் பண்றவங்களை கேட்டிருக்கேன், மைக்கை பிடுங்கவா முடியும்.

இதே மாதிரி கலக்கக் கூடாதவங்க இன்னும் உண்டு. யாக்கோபு ரெண்டு பேர் பன்னிரண்டுக்குள்ளயே இருக்காங்க, ஆண்டவரோட சகோதரர் யாக்கோபு மூணாவது. மேற்கத்திய மரபுல அவரையும் அல்பேயுவின் மகனையும் பெரும்பாலும் ஒண்ணாக்கிட்டாங்க, ஆர்த்தடாக்ஸ் காலண்டர்ல அக்டோபர் 9, அக்டோபர் 23னு தனித்தனி நாள். பர்த்தலமேயுவும் நத்தனியேலும் ஒரே ஆள்ங்கறது ரொம்ப பழைய மரபு, அதனாலதான் ஆகஸ்ட் 24க்கு யோவான் 1:45-51 வாசிக்கிறாங்க.

ஸ்டெப் 4: பைபிள்ல உள்ளதையும் மரபு சொல்றதையும் பிரிச்சு சொல்லுங்க

பன்னிரண்டு பேர்ல ரத்த சாட்சியா மரிச்ச சம்பவம் புதிய ஏற்பாட்டுலயே பதிவாகியிருக்கிறது ஒரே ஒருத்தருக்குத்தான், செபதேயுவின் மகன் யாக்கோபு, அப்போஸ்தலர் பணி 12:2, ஏரோது வாளால கொன்னான், ஒரே வரில முடிஞ்சிருச்சு. பேதுரு எப்படி மரிப்பார்னு யோவான் 21ல ஒரு குறிப்பு இருக்கு, தலைகீழா சிலுவைல அறைஞ்சாங்கங்கறது பின்னாடி வந்த எழுத்துகள்ல இருந்து. அந்திரேயாவோட குறுக்கு சிலுவை, பர்த்தலமேயுவை தோல் உரிச்சது, சீமோனை ரம்பத்தால அறுத்தது, இதெல்லாம் மரபு. தோமா இந்தியாவுக்கு வந்தாருங்கறதும் பழைய, வலுவான மரபு, சிரியாக் மொழில மூணாம் நூற்றாண்டு வாக்குல எழுதின தோமா பணிகள்ல அது இருக்கு, மயிலாப்பூர்ல கல்லறையும் இருக்கு, ஆனா பைபிள்ல இல்ல.

மரபை தூக்கி போடுங்கன்னு நான் சொல்லல. "சபை தலைமுறை தலைமுறையா இப்படி சொல்லி வருது"ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா போதும். பத்தாவது படிக்கிற பையன் போன்ல தேடிப்பார்த்துட்டு வந்து எதிர்க்கேள்வி கேட்டா அப்போ நாம தடுமாற வேண்டியிருக்காது. சின்னப்பிள்ளைங்ககிட்ட தோல் உரிச்ச கதையெல்லாம் வேண்டாம், ராத்திரி தூங்காது.

ஸ்டெப் 5: வீட்ல, இருபது நிமிஷம்

பெருசா ஆரம்பிச்சா மூணாவது திருநாள்லயே நின்னுடும். நான் சொல்ற ஆர்டர் இதுதான்: சாயங்காலம் ஒரு மெழுகுவர்த்தி, சங்கீதம் 19 (அவங்க சத்தம் பூமி முழுக்க போச்சுன்னு வர்ற சங்கீதம், அப்போஸ்தலர் நாள் பலதுக்கும் பதிலுரைப் பாடலே இதுதான்), பிறகு நீங்க பொறுக்கி வச்ச பகுதில ஒண்ணே ஒண்ணு. அதை ஒருத்தரே வாசிக்காம ஆளுக்கு ஒரு பாத்திரமா பிரிச்சு வாசிங்க, தோமாவா ஒருத்தர், இயேசுவா ஒருத்தர், கதை சொல்றவரா ஒருத்தர். வாசிச்ச பிறகு ஒரே கேள்வி: "இவர் இடத்துல நீ இருந்தா என்ன சொல்லியிருப்ப?" பதில் வர்ற வரைக்கும் சும்மா இருங்க, பெரியவங்க நடுவுல புகுந்து பிரசங்கம் பண்ண கூடாது, இது ரொம்ப முக்கியம்.

அடுத்து அந்த ஆளுக்கு பொருந்துற ஜெபம். மத்தேயு வரி வசூல் பண்ற மேஜைல இருந்து எழுந்து போனவர், அதுக்கப்புறம் அவர் வீட்டு விருந்துல ஊரே ஒதுக்கி வச்ச ஆளுங்க வந்து உக்காந்தாங்க, அப்போ அன்னைக்கு நம்ம வட்டத்துல நாம ஒதுக்கி வச்சிருக்குற ஒருத்தருக்காக ஜெபிக்கலாம், முடிஞ்சா கூப்பிட்டு சாப்பாடே போடலாம். தோமா நாள்னா விசுவாசத்துல தடுமாறுறவங்களுக்காக, அவங்களை திட்டாம. எட்டு நாள் கழிச்சு இயேசு வந்தப்போ தோமா இன்னும் அந்த கூட்டத்துக்குள்ளதான் இருந்தார், மத்த பத்து பேரும் அவரை வெளிய தள்ளலங்கறதை அன்னைக்கு கண்டிப்பா சொல்லுங்க. பர்னபா நாள் இன்னும் ஈஸி, புதுசா வந்த பவுலை எல்லாரும் பயந்து ஒதுக்கினப்போ கைய பிடிச்சு கூட்டிட்டு போய் அறிமுகம் பண்ணவர் அவர், அதனால சபைக்கு புதுசா வந்த குடும்பத்துக்கு ஒரு போன் பண்ணுங்க.

கடைசியா பரலோக ஜெபம், முடிஞ்சது. வீட்ல அந்த பேர் வச்சவங்க யாராவது இருந்தா அன்னைக்கு அவங்கதான் மெழுகுவர்த்தி ஏத்தணும்.

ஸ்டெப் 6: சர்ச்ல, டீமா பண்றவங்களுக்கு

கலர் சிவப்பு, ரத்த சாட்சிங்கறதால. யோவானுக்கு வெள்ளை, அவர் வயசாகி மரிச்சார்ங்கறது மரபு. கத்தோலிக்க முறைல பவுல் மனமாற்றத்துக்கும் பேதுருவின் தலைமைப்பீடத்துக்கும் வெள்ளைதான். விழான்னா "உன்னதங்களிலே" பாடணும், திருவருகைக்காலத்துல அந்திரேயா வந்தாலும் தவக்காலத்துல பிப்ரவரி 22 வந்தாலும் பாடணும், பாடகர் குழு இதை அடிக்கடி மறந்துடுது. பர்னபா மட்டும் நினைவு நாள் லெவல். விசுவாச அறிக்கை பேதுரு பவுல் மாதிரி பெருவிழாவுக்கு மட்டும்.

ஃபாதர்கிட்ட கேட்டு வைக்க வேண்டிய ஒண்ணு, முதல் நற்கருணை மன்றாட்டு (பூசைல அப்பத்தையும் ரசத்தையும் வச்சு ஃபாதர் சொல்ற நீண்ட ஜெபங்கள்ல முதலாவது). அதுலதான் அப்போஸ்தலர்கள் பேர் வரிசையா வரும், பேதுரு பவுல்ல தொடங்கி சீமோன் ததேயு வரைக்கும், மத்தியாவும் பர்னபாவும் பின்னாடி வர்ற ரெண்டாவது லிஸ்ட்ல. நீளமா இருக்குன்னு பொதுவா அதை தொட மாட்டாங்க, ஆனா அப்போஸ்தலர் விழாக்களுக்கு அது பொருத்தம்னு வழிபாட்டு விதிமுறைலயே இருக்கு. அன்னைக்கு அந்த பேரை கூட்டம் காதால கேக்கணும் இல்லையா?

மன்றாட்டுகளை புக்ல இருந்து அப்படியே எடுக்காதீங்க, ஸ்டெப் 3ல எழுதின பேப்பர்ல இருந்து நாலு எழுதுங்க. பாட்டும் அப்படித்தான், பொதுவான மிஷன் பாட்டு ஒண்ணு போதும், மீதிய அன்னைக்கு வாசகத்துக்கு ஒத்து எடுங்க.

ஞாயிறு வகுப்பு பிள்ளைங்களுக்கு சின்னங்கள் நல்லா ஒர்க் ஆகும்: பேதுருக்கு சாவி, பவுலுக்கு வாள், அந்திரேயாவுக்கு குறுக்கு சிலுவை, யாக்கோபுக்கு சிப்பி, தோமாவுக்கு தச்சர் மூலைமட்டம், மத்தேயுவுக்கு பணப்பை, யூதாவுக்கு படகு, மத்தியாவுக்கு கோடாலி. அட்டைல வெட்டி, அந்தந்த நாள் வரும்போது ஒண்ணொண்ணா போர்டுல ஒட்டுங்க, ஒரேயடியா பன்னிரண்டையும் ஒட்டினா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் நிக்காது. சிப்பி ஏன்னு கேப்பாங்க: ஸ்பெயின்ல சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுல யாக்கோபு கல்லறைன்னு மரபு சொல்ற இடத்துக்கு நடந்து போற யாத்திரிகர்களோட அடையாளம் அது. ஜூலை 25 ஞாயிறா விழுற வருஷம் அங்க புனித ஆண்டு, அடுத்தது 2027.

ஸ்டெப் 7: ஜூன் 29ஐ பெருசா பண்ணுங்க

வருஷத்துல ஒண்ணுதான் பெருசா பண்ண முடியும்னா அது இதுவாத்தான் இருக்கணும். ரோம்ல 354ஆம் வருஷத்து ரத்த சாட்சிகள் பட்டியல்லயே ஜூன் 29ல பேதுரு பவுல் பேர் இருக்கு, அதுவும் 258ஆம் வருஷத்தை குறிச்சு. அன்னைக்கு ரோம்ல புது பேராயர்களுக்கான பாலியம்ங்கற ஆட்டுக் கம்பளி கழுத்துப்பட்டைய போப் ஆசீர்வதிக்கிறார், கான்ஸ்டான்டிநோபிள் (இப்போ இஸ்தான்புல்) ஆர்த்தடாக்ஸ் பிதாப்பிதா சார்பா ஒரு குழு வரும், பதிலுக்கு நவம்பர் 30 அந்திரேயா நாளுக்கு ரோம்ல இருந்து இஸ்தான்புல்லுக்கு ஒரு குழு போகும். பேதுருவும் அந்திரேயாவும் கூடப்பிறந்தவங்க, ரோம் பேதுருவோட சபை, கான்ஸ்டான்டிநோபிள் அந்திரேயாவோட சபைன்னு மரபு, அதனால ஒருத்தர் நாளுக்கு இன்னொருத்தர் வீட்டு ஆளுங்க, அழகான ஏற்பாடு. நீங்களும் பக்கத்துல உள்ள வேற சபைக்காரங்களை அன்னைக்கு கூப்பிடலாம்.

முந்தின நாள் சாயங்காலம் திருவிழிப்பு திருப்பலிக்கு தனி வாசகங்கள் இருக்கு, நற்செய்தி யோவான் 21, மூணு தடவை மறுதலிச்சவர்கிட்ட "என்னை நேசிக்கிறாயா"ன்னு மூணு தடவை கேக்குற இடம். மறுநாளுக்கு மத்தேயு 16, சாவி குடுக்குறது. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டாத்தான் முழு பேதுரு கிடைப்பார், அதனால சாயங்கால வழிபாட்டை தவறவிடாதீங்க. கூடவே கலாத்தியர் 2:11ஐயும் எங்கயாவது சேர்த்துடுங்க, அந்தியோகியால பவுல் பேதுருவை முகத்துக்கு நேரா எதிர்த்த இடம். சண்டை போட்ட ரெண்டு பேரை ஒரே நாள்ல வச்சு கொண்டாடுறோம், இதை விட்டுட்டு வேற எதைப் பேசப்போறோம்?

ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல இதுக்கு முன்னாடி அப்போஸ்தலர் நோன்பு உண்டு, பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு முடிஞ்சு திங்கள்ல தொடங்கி திருநாள் வரைக்கும். ஈஸ்டர் தேதிய பொறுத்து நீளம் மாறும், 2024ல ஈஸ்டர் மே 5ல வந்ததால புது காலண்டர் சபைகளுக்கு நோன்பே இல்லாம போச்சு. மறுநாள் ஜூன் 30 அவங்களுக்கு பன்னிரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டாடுற நாள். நீங்க வேற சபையா இருந்தாலும் ஜூன் 29க்கு முந்தின மூணு நாள் எதாவது ஒண்ணை விட்டு, அந்த நேரத்துல பேதுருவின் முதல் நிருபத்தை வாசிக்கலாம், அஞ்சே அதிகாரம்.

ஸ்டெப் 8: கஷ்டமான மூணு நாள்

டிசம்பர் 27, யோவான். கிறிஸ்துமஸ் அசதில யாருக்கும் தெம்பு இருக்காது. சபையா கூட வேண்டாம், வீட்ல ஒருத்தர் யோவானின் முதல் நிருபம் முதல் நாலு வசனத்தை சத்தமா வாசிச்சா போதும், எங்க கண்ணால பார்த்தது, கையால தொட்டதுன்னு வரும், குடில் இன்னும் கலைக்கல இல்லையா, அதுக்கு முன்னாடி நின்னு வாசிங்க.

மே 14, மத்தியா. அப்போஸ்தலர் பணி 1:15-26ல வர்றார், அதோட சரி, புதிய ஏற்பாட்டுல திரும்ப பேரே இல்ல. யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, யோவான் ஸ்நானகன் ஞானஸ்நானம் குடுத்த காலத்துல இருந்து விண்ணேற்றம் வரைக்கும் கூடவே இருந்தவரா இருக்கணும்னு தகுதி வச்சு, ரெண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணி சீட்டு போட்டாங்க. அப்போ இவர் ஆரம்பத்துல இருந்தே கூட இருந்திருக்கார், யாரும் கவனிக்கல. சர்ச்ல சேர் தூக்கிப்போடுறவங்க, மைக் செட் பார்க்குறவங்க, பாத்ரூம் கழுவுறவங்க பேரெல்லாம் அன்னைக்கு மன்றாட்டுல சொல்லுங்க. சீட்டு விழாம போன யோசேப்பு பர்சபாவையும் விடாதீங்க, தேர்வாகாத ஆளுக்கும் ஒரு ஜெபம் வேணும். யூதாஸை பத்தி பிள்ளைங்க கண்டிப்பா கேப்பாங்க, அன்னைக்கு வாசகமே அதுலதான் தொடங்குது, மழுப்பாம பதில் சொல்லுங்க.

அக்டோபர் 28, சீமோனும் யூதாவும். சீமோன் பேசின ஒரு வார்த்தைகூட நம்மகிட்ட இல்ல, தீவிரவாதின்னு (இன்னைக்கு சொல்ற அர்த்தத்துல இல்ல, வைராக்கியம் உள்ளவர்ங்கற அர்த்தத்துல) ஒரு அடைமொழி மட்டும்தான். யூதாவுக்கு யோவான் 14:22ல ஒரே ஒரு கேள்வி இருக்கு, உலகத்துக்கு காட்டாம எங்களுக்கு மட்டும் ஏன் உங்களை காட்டப்போறீங்கன்னு. (யூதா ததேயு பேர்ல "இதை 9 பேருக்கு அனுப்பு, இல்லன்னா கெட்டது நடக்கும்"னு சுத்துற ஃபார்வர்டுக்கும் இந்த மனுஷனுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, டெலிட் பண்ணிடுங்க.) தெரிஞ்சது இவ்ளோதாங்கறப்போ இட்டுக்கட்டி நீட்டாதீங்க, லூக்கா 6:12-16 வாசிங்க, ராத்திரி முழுக்க மலைல ஜெபம் பண்ணிட்டு விடிஞ்ச பிறகுதான் இயேசு இந்த பேர்களை சொல்றார், சீமோனும் யூதாவும் அந்த லிஸ்ட்ல இருக்காங்க. வாசிச்சு முடிச்சதும் யூதாவோட கேள்விய வச்சு கொஞ்ச நேரம் பேசுங்க, அதுக்கு இயேசு சொன்ன பதில் அடுத்த வசனத்துலயே இருக்கு.